விருந்தாளியின் வேலை

முதலில் இனிப்பு வருகிறது. பயறு விழுதைப் பிசைந்து அந்தந்தப் பருவத்துப் பூவின் வடிவில் பிடித்த சிறு பண்டம். மடித்த வெள்ளைத் தாளின்மேல் வைத்து, கூரான சின்னக் குச்சியால் கீறித் தின்ன வேண்டும். அந்தத் தித்திப்பு நாக்கை விட்டுப் போகுமுன், பச்சைத் தேயிலைப் பொடியை மூங்கில் மத்தால் நுரைக்க அடித்த மாச்சா வருகிறது. கிண்ணத்தை வலக்கையால் எடுத்து, இடது உள்ளங்கையில் இருத்தி, இரண்டு முறை வலமாகத் திருப்பி, அதன் முகப்பில் வாய் படாமல் குடிக்க வேண்டும். கடைசி மடக்கை ஒலி கேட்க உறிஞ்சுவது மரியாதை. ஜப்பானுக்கு ஒரு வாரமோ பத்து நாளோ பரிமாற்றத் திட்டத்தில் போகும் மாணவர்களின் நிகழ்ச்சி நிரலில் இந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் இருக்கும். கூடவே கிமோனோ உடுத்திப் பார்த்தல், தூரிகையால் ஓர் எழுத்து எழுதிப் பார்த்தல், ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பகல், கியோத்தோ அல்லது ஹிரோஷிமா, ஒரு குடும்பத்தோடு ஓரிரு இரவு. இப்படிப் போய்வருகிறவர்களின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சமல்ல. 2007 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் செபுவில் கூடிய கிழக்காசிய உச்சி மாநாட்டில், அன்றைய பிரதமர் ஷின்சோ அபே ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 இளைஞர்களை ஐந்தாண்டுகளுக்கு ஜப்பானுக்கு அழைக்கப்போவதாக அறிவித்தார். 3,500 கோடி யென் ஒதுக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்கு ஜெனிசிஸ் என்று பெயர். அழைக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2014-இல் அறிவியல் மாணவர்களுக்காக சகுரா சயின்ஸ் வந்தது. பல்கலைக்கழகங்கள் தாமே நடத்தும் கோடைத் திட்டங்கள் இவை போகத் தனி. இவ்வளவு பேர் இவ்வளவு செலவில் போய் அந்தக் கிண்ணத்தை இரண்டு முறை திருப்பிவிட்டு வருவதில் அவர்களுக்குக் கிடைப்பது என்ன?

ஒன்றுமில்லை என்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் வழக்கமான பதில். நுனிப்புல் மேய்ச்சல், படம் எடுத்துக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான் என்பார்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. காலம் குறைவு என்பது உண்மை. ஆனால் ஓர் ஊரில் இருபது வருடம் சம்பாதித்து, அந்த ஊர் மனிதர்களின் சமையலறையை ஒருநாளும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நாட்கணக்கை மட்டும் வைத்து இதை அளந்துவிட முடியாது. மாணவரை எந்த இடத்தில் உட்காரவைக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்வையாளராக உட்காரவைத்தால் பத்து மாதமும் வீணாகும். விருந்தாளியாக உட்காரவைத்து, விருந்தாளி செய்யவேண்டிய வேலையையும் அவர் கையில் கொடுத்தால் பத்து நாளிலும் உருப்படியாக ஒன்று நடக்கும். விருந்தாளிக்கு வேலையா என்று நமக்குத் தோன்றலாம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதில் அறிவுரை எல்லாம் விருந்து படைக்கிறவருக்குத்தான். வந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே பேச்சில்லை. ஜப்பானியத் தேநீர் மரபு அந்த இன்னொரு பாதியை நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக யோசித்து வைத்திருக்கிறது. பரிமாற்றத் திட்டங்கள் அந்தப் பாதியைத்தான் பெரும்பாலும் வெட்டி எறிந்துவிடுகின்றன.

ஜப்பானிய மொழியில் ‘க்யாகு’ என்று ஒரு சொல். விருந்தாளியும் க்யாகுதான், கடைக்கு வரும் வாடிக்கையாளரும் க்யாகுதான். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே மரியாதை ஒட்டு. பேசும்போது இடம் பார்த்துப் பொருள் கொள்கிறார்கள். பரிமாற்ற மாணவரின் நிலை இந்தச் சொல்லின் இரண்டு பொருள்களுக்கும் நடுவில் ஊசலாடுகிறது. அவர் காசு கொடுக்கவில்லை, ஆகவே வாடிக்கையாளர் இல்லை. ஆனால் அவருக்காகத் தயாரித்த நிகழ்ச்சி நிரல் அவரை வாடிக்கையாளரைப்போலத்தான் நடத்துகிறது. களைத்துவிடக் கூடாது, சங்கடப்படக் கூடாது, தப்புச் செய்ய இடமே இருக்கக் கூடாது, போகும்போது நிறைவுப் படிவத்தில் நல்லபடியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த நிகழ்ச்சிகளுக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயரோ ‘புங்கா தைகென்’, பண்பாட்டு அனுபவம். தைகென் என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு உடல் என்றும், அடுத்ததற்குச் சோதித்தறிதல் என்றும் பொருள். அனுபவத்துக்கு அவர்களிடம் இன்னொரு சொல்லும் உண்டு, ‘கெய்கென்’. அதன் முதல் எழுத்து கடந்துவருதலைக் குறிக்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து படிந்த அனுபவம் அது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்பது கெய்கென்னை. குறுகிய திட்டம் கெய்கென் தரும் என்று யாரும் சொல்லவில்லை. அது வாக்களிப்பது தைகென், உடலால் சோதித்தறிவது. தமிழில் இதற்கு இன்னும் அழுத்தமான சொல் இருக்கிறது: பட்டறிவு. உடம்பில் ஏதாவது பட்டால்தான் அது பட்டறிவு. ஆகவே இந்தத் திட்டங்களை அவற்றின் சொந்தச் சொல்லைக் கொண்டே அளக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் மாணவரின் உடம்பில் ஏதாவது பட்டதா?

தேநீர்க் கூடத்தில் விருந்தாளிக்கு எவ்வளவு வேலை என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 16-ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ ஒழுங்குபடுத்திய எளிய தேநீர் முறையில், விருந்தாளி நுழையும் வாசல் இரண்டடிக்குச் சற்றே கூடுதலான சதுரம். எவ்வளவு பெரிய பிரபுவானாலும் வாளை வெளியே மாட்டிவிட்டு, குனிந்து, முழங்காலில் ஊர்ந்துதான் உள்ளே வர வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும்; அவை கிண்ணத்தைக் கீறிவிடும். உள்ளே வந்ததும் சுவரில் தொங்கும் எழுத்துச் சுருளின் முன் வணங்கி அதைப் பார்க்க வேண்டும். தேநீர் தருபவர் இந்த நாளுக்கென்று தேர்ந்தெடுத்தது அது. முதல் விருந்தாளிக்கு ‘ஷோக்யாகு’ என்று பெயர். எல்லாருக்குமாக அவர்தான் பேசுவார். சுருளைப் பற்றி, கிண்ணத்தைப் பற்றி, தேயிலைப் பொடி அள்ளும் மூங்கில் கரண்டியின் பெயரைப் பற்றிக் கேட்பார். கடைசி விருந்தாளிக்கும் பொறுப்பு உண்டு. கைமாறி வந்த பொருள்களைத் திருப்பிச் சேர்ப்பது அவர் வேலை. நடுவில் இருப்பவரும் சும்மா இருக்க முடியாது. தன் கிண்ணத்தைத் தொடுமுன் அடுத்திருப்பவரை நோக்கித் தலை தாழ்த்தி ‘ஓசாகி நி’ என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு முந்திக் குடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது பொருள். குடித்த பிறகு கிண்ணத்தைக் கையிலெடுத்துப் பார்க்கும்போது முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக் கீழாகப் பிடிக்க வேண்டும். கை நழுவினாலும் கிண்ணம் உடையாது. இந்த விதிகள் எல்லாம் ஒன்றையே சொல்கின்றன: இந்தக் கூடுகை நீங்களும் சேர்ந்து தூக்கிப் பிடித்திருப்பது, ஒரு பக்கம் விட்டால் சாய்ந்துவிடும்.

பரிமாற்ற நிகழ்ச்சியில் என்ன நடக்கிறது? கால் மடக்கி உட்கார முடியாவிட்டால் பரவாயில்லை, சௌகரியம்போல் உட்காருங்கள் என்கிறார்கள். அடுத்தவரிடம் சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லித்தருவதற்கு நேரமில்லை. முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் தேநீர் தர வேண்டியிருப்பதால் பாதிக் கிண்ணங்கள் திரைக்குப் பின்னாலிருந்து தயாராகவே வருகின்றன. கிண்ணத்தைத் திருப்புவது மட்டும் மிஞ்சுகிறது, ஏனென்றால் அது படத்தில் தெரியும். இதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. முழுக்க முழுக்க அன்பு. அந்த அன்புதான் விருந்தாளியின் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. வேலை போனதும் அவர் வாடிக்கையாளராகிவிடுகிறார்.

வெளிநாட்டுக்காரருக்காக முறையைத் தளர்த்தாமல் எப்படி, முழுச் சடங்குக்கு நான்கு மணி நேரம் ஆகுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேநீர் மரபுக்குள்ளேயே இருக்கிறது. 1872-இல் கியோத்தோவில் ஒரு பொருட்காட்சி நடந்தது. வெளிநாட்டார் வருவார்கள், தரையில் உட்கார அவர்களால் முடியாது. உராசென்கே மரபின் 11-ஆம் தலைமுறைத் தலைவர் கென்கென்சாய், மேசை நாற்காலியில் அமர்ந்து தேநீர் தரும் ‘ர்யூரெய்’ முறையை வகுத்தார். அடுப்பையும் நீர்க்குடத்தையும் தாங்க ஒரு மேசை, விருந்தாளிகளுக்கும் இருக்கைகள். இன்றுவரை அது மரபின் ஒரு பகுதியாக நீடிக்கிறது. அவர் விருந்தாளியின் காலுக்கு ஓய்வு கொடுத்தார். விருந்தாளியின் கடமைகளில் கை வைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் அடுத்திருப்பவருக்குத் தலை தாழ்த்த வேண்டும், கிண்ணத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஆகவே அசல், போலி என்று பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை. தரையில் மடங்கி உட்காருவதுகூட ரிக்யூ காலத்திலிருந்து மாறாமல் வந்த வழக்கம் என்று சொல்வதற்கில்லை. எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தினால் காரியமே போய்விடும் என்ற விவேகம்தான் முக்கியம். முப்பது பேருக்கு ஒரு மணி நேரம் தேநீர் காட்டுவதைவிட, ஐந்து பேரை மூன்று நாள் அடுத்தடுத்து அதே அறையில் உட்காரவைத்து, முதல் நாள் தப்பைச் சொல்லி, இரண்டாம் நாள் திருத்தி, மூன்றாம் நாள் அவர்களில் ஒருவரை ஷோக்யாகுவாக ஆக்கிப் பார்ப்பது நல்லது. கிமோனோவையும் தூரிகையையும் நிரலிலிருந்து எடுத்துவிட்டால் அதற்கு நேரம் கிடைத்துவிடும்.

இங்கே ஒருவர் ‘இச்சிகோ இச்சியே’ என்ற சொற்றொடரை எடுத்து நீட்டக்கூடும். ஆயுளில் ஒரு முறை, ஒரே ஒரு சந்திப்பு என்பது அதன் பொருள். சுற்றுலாச் சுவரொட்டிகளில் இன்று அது தாராளமாக இருக்கிறது. ஒரே சந்திப்பைத்தானே தேநீர் மரபு கொண்டாடுகிறது, மூன்று நாள் எதற்கு என்பார் அவர். அந்தச் சொற்றொடரை நிலைநிறுத்தியவர் ஈ நாவோசுகே. ஹிகோனே நாட்டின் பிரபு, ஷோகுன் ஆட்சியின் தலைமை அமைச்சர், 1858-இல் அமெரிக்காவுடன் வணிக ஒப்பந்தம் செய்து துறைமுகங்களைத் திறந்துவிட்டவர். அதற்கு விலையாக 1860-இல் எடோ கோட்டையின் சகுரதா வாசலருகே வெட்டிக் கொல்லப்பட்டவர். அயல்நாட்டாருக்குக் கதவு திறந்த அதே மனிதர்தான், ரிக்யூவின் சீடர் வழியாக வந்த ஒரு கருத்தை விரித்து, தேநீர்க் கூடுகை பற்றிய தம் நூலில் இதை எழுதினார். அவர் எழுதியதன் சாரம் இது: அதே வீட்டுக்காரரும் அதே விருந்தாளியும் எத்தனை முறை சந்தித்தாலும் இன்றைய சந்திப்பு திரும்பி வராது, ஆகவே தருபவர் ஒரு சிறு காரியத்திலும் கவனம் பிசகக் கூடாது, வந்தவரும் அந்த அக்கறையை உணர்ந்து அதே மெய்யான மனத்தோடு இருக்க வேண்டும். அதைச் சொன்னவர் பல ஆண்டுகள் தேநீர் பயின்றவர். எத்தனையோ முறை செய்தவருக்குத்தான் இது ஒரே முறை என்பது உறைக்கும். முதல்முறை வருகிறவருக்கு எல்லாமே ஒரே முறைதான். அதனாலேயே அது அவருக்குத் தெரிவதில்லை. இச்சிகோ இச்சியேயைக் காட்டி ஒரு மணி நேர நிகழ்ச்சியை நியாயப்படுத்துவது, அந்தச் சொற்றொடரில் விருந்தாளிக்குரிய பாதியை மறைத்துவிட்டுப் பேசுவது.

தேநீர் மட்டுமே பண்பாடு இல்லை. ஜப்பானியர்களிலேயே பெரும்பாலோர் அன்றாடம் தேநீர்க் கூடத்துக்குப் போகிறவர்கள் இல்லை. ஆனால் அவர்களில் ஏறத்தாழ எல்லாருடைய கையும் தொட்ட ஒரு பொருள் உண்டு: ‘ஸோகின்’. பழைய துண்டை நாலாக மடித்து ஓரம் தைத்த துடைப்புத் துணி. பள்ளியில் மதிய உணவுக்குப் பிறகோ வகுப்புகள் முடிந்த பிறகோ பிள்ளைகள் மேசைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, குந்தி, இரண்டு கையாலும் ஸோகினைத் தரையில் அழுத்தி, நடைகூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தவளையைப்போல ஓடித் துடைப்பார்கள். கழிப்பறையும் பல பள்ளிகளில் இதில் சேர்த்தி. மதியச் சாப்பாட்டையும் முறைவைத்து அவர்களே பரிமாறுகிறார்கள். வெள்ளை மேலங்கி, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி. எல்லாருக்கும் வைத்த பிறகுதான் கைகூப்பி ‘இத்தாதாக்கிமாஸ்’, பணிந்து பெற்றுக்கொள்கிறேன், என்று சொல்லிச் சாப்பிடத் தொடங்குவார்கள். பாடத்துக்கு வெளியே நடக்கும் இந்தக் கல்வியை எகிப்து அக்கறையோடு கவனித்தது. 2016-இல் ஜப்பானோடு கல்வி ஒப்பந்தம் செய்துகொண்டு, 2018 முதல் இந்த முறையில் பள்ளிகளையே நடத்திவருகிறது. ஒரு நாடு தன் பள்ளிகளுக்குள் கொண்டுபோக நினைத்தது இதைத்தான். பரிமாற்ற மாணவர்கள் பள்ளிக்கு வரும் நாளிலோ அவர்களுக்கு மேடையில் நாற்காலி போடப்படுகிறது. மேளம் அடித்துக் காட்டுகிறார்கள், பாடிக் காட்டுகிறார்கள், காகிதக் கொக்கு மடிக்கச் சொல்லித்தருகிறார்கள். துடைக்கும் நேரம் வருமுன் பேருந்து கிளம்பிவிடுகிறது.

அந்த மாணவர்கள் கையில் ஒரு ஸோகினைக் கொடுத்தால் என்ன ஆகும்? இந்தியாவிலிருந்து போன பிள்ளைக்கு அது வெறும் துணி இல்லை. துடைப்பத்தை யார் எடுப்பது, கழிப்பறையை யார் கழுவுவது என்பதைப் பிறப்பை வைத்துத் தீர்மானித்த சமூகத்திலிருந்து அவர் வருகிறார். பள்ளியில் குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவவைத்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டிலிருந்து இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வகுப்பில் எல்லாரும் ஒரே வரிசையில் குனிந்து தரை துடைக்கும்போது தானும் குனிவது என்பது அவர் உடம்பில் படும். சிலருக்குக் கூசும், சிலருக்கு ஆற்றாமை வரும், சிலருக்கு நெஞ்சு நிமிரும். யாருக்கு எது என்பது அவரவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பொறுத்தது. எதுவானாலும் அது பட்டறிவு. இதற்காக ஜப்பானைச் சாதியற்ற நாடு என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் கூடாது. தோல் பதனிடுவதையும் விலங்கறுப்பதையும் தொழிலாகக் கொண்டவர்களை அங்கும் தள்ளிவைத்திருந்தார்கள். 1871-இல் சட்டப்படி அந்த இழிவு நீக்கப்பட்ட பிறகும் திருமணத்திலும் வேலையிலும் புராகு எனப்படும் அந்த மக்களை அது விடாமல் துரத்தியது. துணியைப் பிடித்த கைதான் இந்தக் கேள்விகளைக் கேட்கும். மேடையில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்கத் தோன்றாது.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு ஒன்று நிற்கிறது. முறையைக் கைக்கொள், திருத்தினால் ஏற்றுக்கொள், வேலையைச் செய் என்று விருந்தாளிக்குச் சொல்வது கீழ்ப்படிதலைப் பழக்குவதாகாதா? ஜப்பானியப் பள்ளியின் ஒழுங்குக்குப் பின்னால் கொடுமையும் இருக்கிறதே? இருக்கிறது. தன் கூந்தல் இயல்பிலேயே பழுப்பு என்று சொன்ன மாணவி ஒருவரை மீண்டும் மீண்டும் கருஞ்சாயம் பூசும்படி ஒசாகா மாநிலப் பள்ளி ஒன்று வற்புறுத்தியது. 2017-இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2021-இல் மாவட்ட நீதிமன்றம் மாநில அரசு 3,30,000 யென் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆனால் கூந்தல் நிறம் பற்றிய பள்ளி விதி செல்லாது என்று அது சொல்லவில்லை. ஸோகினைக் கையில் கொடுக்கும் பள்ளியும் இந்தப் பள்ளியும் ஒரே மரபின் பிள்ளைகள். நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த அபாயத்துக்கு மேடை நாற்காலி மருந்தாகாது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வரிசையின் அழகு மட்டும்தான் தெரியும். வரிசைக்குள் நின்றவருக்கு அதன் நெருக்கலும் தெரியும். ஜப்பானைப் போய்ப் பார்த்துவிட்டு அங்கே ஒழுக்கம் எப்படி, சுத்தம் எப்படி என்று வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருப்பவர்களில் பலர் அந்த ஒழுங்குக்கு ஒருநாளும் உட்பட்டு இருந்தவர்கள் இல்லை. விருந்தாளிக்கும் மாணவிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைத் திட்டம் நடத்துபவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: விருந்தாளி பத்தாம் நாள் போய்விடலாம், அந்தப் பெண்ணால் முடியாது.

அரசு செலவில் நடப்பது அரசின் செல்வாக்குக்காகத்தானே என்ற இன்னொரு மறுப்பும் உண்டு. இதற்குப் பதிலாகப் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் ஜப்பானின் மாணவர் பரிமாற்றத்தைப் பற்றிப் பேசுவது சரியில்லை என்பது என் எண்ணம். 1943, 1944 ஆண்டுகளில் ஜப்பான் தான் பிடித்திருந்த தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 200 இளைஞர்களைத் தெரிந்தெடுத்து, ‘தென்திசைச் சிறப்பு மாணவர்கள்’ என்ற பெயரில் கொண்டுபோனது. மொழி கற்பித்து, பண்பாடு பழக்கி, ஊருக்குத் திரும்பிப் பேரரசுக்குத் துணைநிற்கும் தலைவர்களாக ஆக்குவது நோக்கம். இதைவிட அப்பட்டமான செல்வாக்குத் திட்டம் இருக்க முடியாது. அவர்களில் சிலர் ஹிரோஷிமாவில் படித்துக்கொண்டிருந்தார்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று அவர்கள் அங்கே இருந்தார்கள். கெலந்தானைச் சேர்ந்த நிக் யூசுப் இறந்தார். ஜொகூரின் சையது ஓமார் கதிர்வீச்சு உடம்பைத் தின்ன, தோக்கியோ நோக்கிப் போகும் வழியில் கியோத்தோவில் செப்டம்பர் தொடக்கத்தில் இறந்தார். பிழைத்த மற்றவர்கள் என்ன செய்தார்கள்? காயம்பட்ட அக்கம்பக்கத்தாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பல்கலைக்கழக மைதானத்தில் வீடிழந்த ஜப்பானியர்களோடு வெட்டவெளியில் இரவுகளைக் கழித்தார்கள். அவர்களில் ஒருவரான பெங்கிரான் யூசுப் பின்னாளில் புருணையின் முதலமைச்சரானார். அந்நாட்டின் தேசிய கீதத்தின் சொற்களும் அவருடையவை. சையது ஓமாரின் கல்லறை கியோத்தோவின் என்கோஜி கோயில் வளாகத்தில் இஸ்லாமிய முறைப்படி நிற்கிறது, ஒரு பௌத்தக் கோயிலுக்குள். அழைத்த அரசு அதே ஆகஸ்டில் சரணடைந்தது. அதன் நோக்கமும் அதோடு போயிற்று. கூப்பிட்ட அரசின் கணக்குக்குள் அடங்காமல் அந்தப் பிள்ளைகள் செய்த வேலை மட்டும் அந்த ஊர் மனிதர்களின் நினைவில் நின்றது. இன்றைய திட்டங்கள் போர்க்காலத் திட்டத்துக்கு ஈடானவை என்று நான் சொல்லவரவில்லை. ஹிரோஷிமாவுக்கு அழைத்துப்போகும் மாணவர்களுக்கு, பரிமாற்ற மாணவர்களாக வந்து அங்கே விழுந்த குண்டால் இறந்தவர்களின் கதை ஒரு பத்து நிமிடமாவது சொல்லப்பட வேண்டும் என்கிறேன். அரசுகள் ஏன் அழைக்கின்றன என்று அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.

தமிழ் மாணவருக்கென்று தனியாக ஒரு பொறி இருக்கிறது: ஒற்றுமை. மொழியியலாளர் சுசுமு ஓனோ ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு தேடினார். யாழ்ப்பாணத்தின் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். பொங்கலுக்கும் ஜப்பானின் சிறு புத்தாண்டுக்கும் ஒப்புமை காட்டினார்கள். மொழியியல் உலகம் பொதுவாக அதை ஏற்கவில்லை. நம்மவர்களிடம் மட்டும் அது ஆழப் பதிந்துவிட்டது. அதனால் ஜப்பான் போகும் தமிழ்ப் பிள்ளை, எல்லாம் நம்மைப்போலத்தான் என்ற மனத்தோடு வாசலில் செருப்பைக் கழற்றுகிறது. பிசகு அங்கேதான் தொடங்குகிறது. ஜப்பானிய வீட்டில் ‘கென்கான்’ என்பது வாசற்படிக்கு உள்ளே இருக்கும் தாழ்ந்த தளம். அந்தத் தாழ்ந்த தரையில் காலுறையோடு மிதிக்கக் கூடாது. கழற்றிய காலணியை மூக்கு வெளியே பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். உள்ளே நடக்க ஒரு செருப்பு, ததாமிப் பாயின்மேல் அதுவும் கூடாது, கழிப்பறைக்கு வேறு செருப்பு. அந்தச் செருப்போடு கூடத்துக்கு வந்துவிட்டால் வீடே ஒரு கணம் வாயடைத்து நிற்கும். நமக்குச் செருப்பு ஒரே ஒரு எல்லை. அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே நாலைந்து எல்லைகள். முற்றிலும் வேறான ஒன்றைக் கண்டால் நாம் கவனமாக இருப்போம். பாதி ஒத்துப்போவதுதான் காலை வாரும்.

திட்டங்கள் காட்டாமல் விடுவதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஹொக்கைதோவின் அய்னு மக்களைப் பூர்வகுடிகள் என்று ஜப்பானியச் சட்டம் ஏற்றது 2019-இல்தான். ஷிராஓயில் அவர்களுக்கான தேசிய அருங்காட்சியகம் 2020-இல் திறந்தது. 1879-இல் இணைக்கப்படும்வரை தனி அரசாக இருந்த ஒகினாவாவின் மொழிகளும் பாட்டும் வேறு. கிமோனோவும் தேநீரும் மட்டுமே ஜப்பான் என்றால் இவர்கள் எங்கே போவார்கள்? அதைவிட அருகில் இன்னொருவர் இருக்கிறார். பரிமாற்ற மாணவர் இரவில் சோற்று உருண்டை வாங்கப் போகும் கடையில், கல்லாவில் நிற்கும் நேபாளத்துப் பையன் அல்லது வியட்நாம் பெண். அவர்களும் மாணவர்கள்தான், வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டும் வேலைசெய்ய அனுமதி பெற்றவர்கள். 1983-இல் நாகசோனே அரசு 1,00,000 அயல்நாட்டு மாணவர்கள் வேண்டும் என்றது. 2003-இல் அது நிறைவேறியது. 2008-இல் இலக்கு 3,00,000 ஆனது. 2019-இல் அதையும் தாண்டினார்கள். 2033-க்கு 4,00,000 என்பது இப்போதைய இலக்கு. அந்தப் பெரிய எண்ணுக்குள் கல்லாவில் நிற்கிறவர் இருக்கிறார். ஜப்பானிய மரியாதைச் சொற்களை வாய் தவறாமல் நாளெல்லாம் சொல்கிறவர் அவர். ஜப்பானைப் பற்றிப் பத்து நாள் வந்தவருக்கு ஒரு மணி நேரம் சொல்லத் தகுந்தவரும் அவர்தான். க்யாகு என்ற சொல்லை அவர் கல்லாவின் அந்தப் பக்கத்திலிருந்து அறிந்தவர். அவருடைய கெய்கென்னையும் வந்தவருடைய தைகென்னையும் ஒரே மேசையில் உட்காரவைக்க ஒரு திட்டமும் முனைந்து யோசிப்பதாகத் தெரியவில்லை.

நிரலில் கடைசியாக வரும் குடும்பத் தங்கலில்தான் இவ்வளவும் ஓரளவு தானாகவே நடந்துவிடுகிறது. அங்கே மேடை போட இடமில்லை என்பதே காரணம். மாலையில் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி மூடிவைத்திருப்பார்கள். விருந்தாளிக்குத்தான் முதல் குளியல். அது அவர்கள் தரும் மரியாதை. அவர் தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு போட்டு, தலைமுதல் கால்வரை கழுவி, ஒரு துளி நுரையும் இல்லாமல் அலசிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தண்ணீர் அவருக்கு மட்டும் உரியதில்லை. முறை தெரியாத பல விருந்தாளிகள் எழுந்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிடுவார்கள், நம் ஊரில் வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பதைப்போல. வீட்டம்மா ஒன்றும் சொல்லமாட்டார்; மறுபடி தண்ணீர் திறந்துவிட்டுக் காத்திருப்பார். ஒருவராவது முன்கூட்டியே சொல்லித்தந்திருந்தால், விருந்தாளி மிதக்கும் முடியை அள்ளி எடுத்துவிட்டு, சூடு போகாதபடி மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு வருவார். அதே தண்ணீரில் பிள்ளைகள் இறங்குவார்கள், பிறகு அப்பா, கடைசியில் அம்மா. காலையில் ஆறிக் கிடக்கும் அந்தத் தண்ணீரைச் சில வீடுகளில் வீணாக்குவதில்லை. தொட்டியிலிருந்து துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஒரு குழாயைப் போட்டு இழுத்துக்கொள்வார்கள். வீட்டாரின் துணிகளோடு விருந்தாளியின் துண்டும் அதில்தான் துவைபடும்.